ஜெனரேட்டர் இருக்குல்லா... எங்கே?

2017 நவம்பர் 30-ஐ நாஞ்சில் நாட்டுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ஒக்கி! வாழையும் ரப்பரும் தரையோடு படுத்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. வீடு என்றால் மெழுகுவத்தியோடு சமாளித்துவிடலாம். வென்டிலேட்டரை மெழுகுவத்தியில் ஓட்ட முடியுமா, சார்?

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கே ஒரு 'செக்கப்' வைத்திருக்கிறது. மொத்தம் 151 கேள்விகள். பெரிய செலவில்லை, விஷயம் தெரிந்த நாலு பேர் நோட்டும் கையுமாகச் சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான். ஏழை நாட்டுக்கும் கட்டுப்படியாகும்.

தண்ணீர் கணக்கை மட்டும் பாருங்கள். படுக்கை ஒன்றுக்கு தினம் 300 லிட்டர் வீதம் மூன்று நாள் கையிருப்பு. 100 படுக்கைக்கு 90,000 லிட்டர்! கரன்ட் போனால் மோட்டாரும் ஓடாதே...

'ஜெனரேட்டர் உண்டா?' என்றால், 'இருக்குல்லா, அண்ணாச்சி' என்று பதில் வரும். 'எங்கே?' என்பதுதான் விவகாரமான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2011-ல் கொல்கத்தாவில், கார் நிறுத்தவேண்டிய அடித்தளத்தில் சாமான்களை அடைத்து வைக்க, அங்கே பிடித்த தீயின் புகை மாடி மாடியாக ஏறி 90 பேருக்கு மேல் பலி.

கட்டடம் அசையாமல் நின்றாலும் ரோடு வேண்டுமே! 2004 சுனாமி மணக்குடி பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. ஆம்புலன்ஸுக்கு மாற்றுவழி எது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வாட்ச்மேனிடம் அந்த 'எங்கே'யைக் கேட்டுப் பாருங்கள். முறைத்தால் எலெக்ட்ரீஷியனைத் தேடுங்கள். டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கும்!