பரிசும் விஷமும் ஒரே சொல்! இரண்டு நாடுகளில் இரண்டு முகம் காட்டும் "கிப்ட்"

"கிப்ட்" என்பது ஒரு சின்னச் சொல். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஜி, ஐ, எப், டி என்று நாலே எழுத்து.

இங்கிலாந்தில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு கிப்ட் வைத்திருக்கிறேன்" என்று சொன்னால், அது துள்ளிக் குதித்து ஓடி வரும். ஜெர்மனியில் ஒரு குழந்தையிடம் ஒரு புட்டியைக் காட்டி, "இது கிப்ட்" என்று சொன்னால், அது நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

காரணம் என்ன? இங்கிலாந்தில் "கிப்ட்" என்றால் பரிசு. ஜெர்மனியில் "கிப்ட்" என்றால் விஷம்!

எழுத்து ஒன்று. உச்சரிப்பும் ஏறக்குறைய ஒன்று. பொருள் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்! இது எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் எத்தனை பொருள்!

முதலில் ஆங்கிலத்தைப் பார்க்கலாம்.

பிறந்த நாளுக்குக் கொடுக்கும் பொம்மை "கிப்ட்". வீட்டையோ நிலத்தையோ இனாமாக எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்திரத்திலும் இதே சொல் வரும். நன்றாகப் பாடும் பெண்ணுக்கு இயற்கையாக அமைந்த திறமையும் "கிப்ட்"தான். ஒரு பதவியை இன்னாருக்குத் தரலாம் என்ற அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அந்தப் பதவி அவருடைய "கிப்டில்" இருக்கிறது என்பார்கள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம் ஊரில் சொல்வது உண்டு. ஆங்கிலேயருக்கும் இதே பழமொழி இருக்கிறது. மாட்டுக்குப் பதில் அங்கே குதிரை. அந்தக் குதிரைக்குப் பெயர் "கிப்ட்" குதிரை!

ஜெர்மானியரிடமும் இந்தப் பழமொழி உண்டு. ஆனால் அவர்கள் அந்தக் குதிரையை மறந்தும் "கிப்ட்" குதிரை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது விஷக் குதிரை ஆகிவிடும்!

ஜெர்மனியில் எங்கும் விஷம்

ஜெர்மன் மொழியில் விஷப் பாம்பு, விஷக் காளான், விஷ வாயு எல்லாவற்றிலும் "கிப்ட்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்துக் கடைகளில் கொடிய மருந்துகளைப் பூட்டி வைக்கும் அலமாரிக்கு "கிப்ட் அலமாரி" என்று பெயர். நூலகத்தில் எல்லாருக்கும் கொடுக்கக்கூடாத புத்தகங்களைப் பூட்டி வைக்கும் இடத்தையும் வேடிக்கையாக அப்படியே சொல்வார்கள்.

கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்துக்கு "விஷப் பச்சை" என்று பெயர். இப்படி ஒரு பச்சைச் சாயம் 1814-ல் ஜெர்மனியில் உள்ள ஷ்வைன்புர்ட் என்ற ஊரில் தயாராயிற்று. பார்க்க அழகு. ஆனால் அதில் கலந்திருந்ததோ பாஷாணம்! சுவரில் ஒட்டும் வண்ணக் காகிதங்களில் இந்தச் சாயம் பூசப்பட்டது. பிற்பாடு அமெரிக்காவில் அதே சாயத்தை உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் வண்டுகளைக் கொல்லத் தூவினார்கள்.

எப்போதும் சிடுசிடு என்று எரிந்து விழும் குள்ள மனிதனை "விஷக் குள்ளன்" என்று கேலி செய்வதும் ஜெர்மானியர் வழக்கம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

ஆங்கிலமும் ஜெர்மன் மொழியும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜெர்மனியின் வடகரையிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் ஆங்கிலர், சாக்சனியர் என்ற கூட்டத்தார் கடல் தாண்டி பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டு போன பேச்சுதான் ஆங்கிலமாக வளர்ந்தது.

"கொடு" என்பதற்கு ஆங்கிலத்தில் "கிவ்". ஜெர்மனில் "கேபன்". இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரிலிருந்து பிறந்ததுதான் "கிப்ட்". அதன் பழைய பொருள் கொடுப்பது, கொடுக்கப்படுவது என்பதே. அப்போது அதில் விஷம் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பொருள் இருந்தது. பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பரிசத்துக்குத்தான் அந்தப் பெயர்! அதையே பன்மையில் சொன்னால் கல்யாணம் என்று பொருள்.

பிறகு வைக்கிங்குகள் என்ற வடதேசத்துக் கடலோடிகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்தார்கள். 793-ல் லிண்டிஸ்பார்ன் என்ற தீவிலிருந்த மடத்தை அவர்கள் கொள்ளையடித்தது சரித்திரப் பிரசித்தம். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் அங்கேயே குடியேறினார்கள். அவர்களுடைய பேச்சும் ஊரோடு கலந்தது. அந்தக் கலப்பில்தான் "கிப்ட்" என்ற சொல் பொதுவாகப் பரிசு என்ற பொருளில் ஆங்கிலத்தில் நிலைத்தது.

விஷம் நுழைந்த கதை

அப்படியானால் ஜெர்மனியில் விஷம் எப்படி நுழைந்தது? அதற்குக் காரணம் வைத்தியர்கள்!

பழைய கிரேக்க மொழியில் "டோசிஸ்" என்று ஒரு சொல் உண்டு. அதற்குக் "கொடுத்தல்" என்று பொருள். வைத்தியர் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் அப்படியே சொன்னார்கள். இன்று டாக்டர்கள் சொல்லும் "டோஸ்" இந்தக் கிரேக்கச் சொல்தான்.

ஜெர்மானியர் அந்தச் சொல்லைத் தங்கள் மொழியில் பெயர்த்தார்கள். "கொடுத்தல்" என்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் "கிப்ட்". ஆகவே மருந்தின் அளவும் "கிப்ட்" ஆயிற்று. ஒருவனுக்கு மருந்து என்று சொல்லி எதையாவது கொடுத்து, அவன் செத்துப்போனால்? அதுவும் "கொடுத்தது"தானே! விஷம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, "கொடுத்தது" என்று நாசூக்காகச் சொன்னார்கள். நாளடைவில் விஷம் என்ற பொருளே முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

இது நமக்குப் புதிது அல்ல. கடித்தால் உயிரை வாங்கும் நாகத்துக்கு நாம் "நல்ல பாம்பு" என்று பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா? பயிரைத் தின்னும் புழுவைக் கொல்லும் விஷத்துக்கு "பூச்சி மருந்து" என்கிறோம் அல்லவா? அதே சமாசாரம்தான்!

ஜெர்மானியரைப் பார்த்து ஆங்கிலேயர் சிரிக்கவும் முடியாது. ஆங்கிலத்தில் விஷத்துக்கு "பாய்சன்" என்று பெயர். லத்தீன் மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? வெறும் "பானம்"!

விஷம் உள்ளே வந்ததும் பரிசு வெளியே போயிற்று. இன்று ஜெர்மனியில் பரிசுக்கு "கெஷெங்க்" என்ற வேறு சொல் வழங்குகிறது.

கல்யாண வீட்டில் ஒளிந்த சொல்

ஆனாலும் பழைய நல்ல பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. ஒரே ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அது கல்யாண வீடு!

பெண்ணோடு கூடப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் சீருக்கு, வரதட்சிணைக்கு, ஜெர்மன் மொழியில் "மிட்கிப்ட்" என்று பெயர். "கூடக் கொடுப்பது" என்று அர்த்தம். ஆனால் இன்று அதைக் கேட்கும் காதில் "கூட வரும் விஷம்" என்றும் விழும்! வரதட்சிணைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் கூத்து இன்னும் அதிகம். அங்கே "கிப்ட்" என்று எழுதப்படும் ஒரே சொல்லுக்கு "விஷம்" என்றும் பொருள். "கல்யாணமானவர்" என்றும் பொருள்! பெண்ணைக் கொடுப்பது, மருந்து கொடுப்பது இரண்டும் ஒரே வேரில் வந்த வினை இது.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1924-ல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பரிசு வாங்கியவன், கொடுத்தவனுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறான். திருப்பிச் செய்யாதவரை அவனுக்கு நிம்மதி இல்லை. ஆகவே பழங்காலத்து மக்களுக்குப் பரிசு மகிழ்ச்சியும் தந்தது, பயமும் தந்தது என்பது அவர் கண்ட முடிவு. கல்யாணத்துக்கு வந்த மொய்யைக் கணக்கு நோட்டில் எழுதி வைக்கும் வீடுகளுக்கு இது நன்றாகப் புரியும்!

குடியானவப் பெண் கொடுத்த ஆப்பிள்

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைகளில் ஸ்னோ ஒயிட் என்ற அழகியின் கதை உலகப் புகழ் பெற்றது. பொறாமை பிடித்த அரசி குடியானவப் பெண் வேஷம் போட்டு வருகிறாள். ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். ஒரு பக்கம் வெள்ளை; மறு பக்கம் சிவப்பு. வெள்ளைப் பக்கத்தைத் தானே தின்று காட்டுகிறாள். சிவப்புப் பக்கத்தில்தான் விஷம்! அதைக் கடித்த பெண் சாய்ந்துவிடுகிறாள்.

அந்த ஆப்பிள் ஆங்கிலத்தில் "கிப்ட்". ஜெர்மனிலும் "கிப்ட்". ஒரு சொல்லின் இரண்டு பொருளும் ஒரே பழத்தில்!

இந்தச் சகோதரர்கள் வெறும் கதை சொல்லிகள் அல்ல. மாபெரும் ஜெர்மன் அகராதி ஒன்றை 1838-ல் தொடங்கியவர்களும் அவர்களே. தம்பி வில்ஹெல்ம் 1859-லும் அண்ணன் யாக்கோபு 1863-லும் காலமானார்கள். "எப்" எழுத்துச் சொற்களோடு யாக்கோபின் பேனா நின்றுவிட்டது. "ஜி" எழுத்தில் வரும் "கிப்ட்" அவர்கள் கைக்கு எட்டவே இல்லை! பிற்காலத்து அறிஞர்கள் வேலையைத் தொடர்ந்து செய்து 1961-ல் முடித்தார்கள்.

அளவில் இருக்கிறது ரகசியம்

16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற வைத்தியர் இருந்தார். 1493-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாதரசம் போன்ற கடுமையான பொருள்களைக் கொண்டு வைத்தியம் செய்தார். "நீர் விஷம் கொடுக்கிறீர்" என்று மற்றவர்கள் குற்றம் சாட்டினார்கள்.

அதற்கு 1538-ல் அவர் ஜெர்மன் மொழியில் பதில் எழுதினார். விஷத் தன்மை இல்லாத பொருள் எதுவும் இல்லை. ஒரு பொருள் விஷமா இல்லையா என்பதை அதன் அளவுதான் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். இன்றைக்கும் விஷங்களை ஆராயும் விஞ்ஞானத்துக்கு இதுவே அடிப்படை. உப்பு இல்லாமல் உணவு இல்லை. அதே உப்பை அளவு மீறித் தின்றால் உயிருக்கே ஆபத்து!

"கொடுத்த அளவு" என்ற பழைய பொருளும், "விஷம்" என்ற புதிய பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பது வெறும் தற்செயல் அல்ல என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

ஒரே மனிதர் கொடுத்த இரண்டும்

இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் தம் வாழ்க்கையில் காட்டிய ஒரு ஜெர்மன் விஞ்ஞானி உண்டு. அவர் பெயர் பிரிட்ஸ் ஹேபர்.

1909-ல் அவர் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் என்ற நிபுணரின் முயற்சியால் 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் இதற்குப் பெரிய தொழிற்சாலை எழுந்தது. இன்று வயல்களில் போடும் யூரியாவுக்கு மூலப்பொருள் இந்த அம்மோனியாதான். கோடிக்கணக்கான மக்களின் சோற்றுக்கு இது ஆதாரம். 1918-ஆம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் பொருளில் இது உலகத்துக்கு அவர் கொடுத்த "கிப்ட்".

ஆனால் முதல் உலக யுத்தத்தில் விஷ வாயுவைப் பயன்படுத்தத் திட்டம் வகுத்தவரும் அவரே! 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே, 5,000-க்கு மேற்பட்ட உருளைகளிலிருந்து குளோரின் வாயு திறந்துவிடப்பட்டது. மஞ்சள் கலந்த பச்சை மேகம் போல் அது தரையோடு தவழ்ந்து போயிற்று. எதிரே பதுங்கு குழிகளில் இருந்த பிரெஞ்சுப் படையினர் மூச்சுத் திணறி மாண்டார்கள். ஜெர்மானியர் பொருளில் இதுவும் "கிப்ட்"!

அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று லூஸ் என்ற இடத்தில் ஆங்கிலேயரும் விஷ வாயுவைத் திறந்துவிட்டார்கள். சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. யுத்தத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே பொருள் ஆகிவிட்டது. 1925-ல் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கை யுத்தத்தில் விஷ வாயுவைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

சொல் ஏமாற்றும்; படம் ஏமாற்றாது

ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் ஒரு பழைய ஜெர்மன் புட்டியில் "கிப்ட்" என்று கண்டால், யாரோ கொடுத்த பரிசு என்று எண்ணிவிடலாம். ஆகவேதான் விஷப் புட்டிகளில் சொல்லை மட்டும் நம்பாமல் படமும் போடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட முறைப்படி, கொடிய விஷத்துக்கு அடையாளம் சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரத்துக்குள் மண்டை ஓடும் குறுக்கு எலும்பும். அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலமும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அதைக் காட்டிச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் பொருள் பரிசு ஆவதும் விஷம் ஆவதும் கொடுக்கும் அளவைப் பொறுத்தது. கொடுக்கும் மனத்தைப் பொறுத்தது. ஆங்கிலேயர் அதில் பாதியைச் சொல்கிறார்கள். ஜெர்மானியர் மறு பாதியைச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் "கிப்ட்" என்ற சொல் முழுமை பெறுகிறது!