உண்ணிக் காய்ச்சல்: பெயரும் நோயும் மருந்தும்

தமிழ்நாட்டு நாளிதழ்களில், பருவமழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில், ‘உண்ணிக் காய்ச்சல்’ என்னும் சொல் அண்மைக்காலமாக அடிக்கடி தென்படுகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனப்படும் நோயையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கிறது. இந்நோய் நமக்கும் அயலானதன்று. மலாயாவின் தோட்டப்புறங்களில் நூறாண்டுக்கு முன்பே இது ஆராயப்பெற்றது. இதற்குரிய முதல் சிறந்த மருந்து வெற்றியுடன் பயன்படுத்தப்பட்டதும் கோலாலம்பூரில்தான்.

இந்நோய்க்குரிய மருந்துகள் இன்று விலை மலிந்தவை, எளிதில் கிடைப்பவை. தக்க காலத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்துவிடும். அவ்வாறிருந்தும் இந்நோயால் ஆசிய நாடுகளில் இன்றும் உயிர்கள் போகின்றன. நோயாளிக்கோ மருத்துவருக்கோ இந்நோயின் நினைவு காலத்தில் வராமையே அதற்குத் தலையாய காரணம். அந்நினைவு வருவதற்கும் வராமற்போவதற்கும் நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணமாகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரால் வரும் குழப்பம்

‘உண்ணி’ என்பது உண்பது என்னும் பொருளில் அமைந்த பெயர். மாட்டுண்ணி, நாயுண்ணி ஆகியவற்றை நாம் அறிவோம். அவை கண்ணுக்குத் தெரியும்; தோலைப் பற்றிக் குருதி குடித்துப் பருக்கும்; பிடுங்கினால் கையோடு வரும். இத்தகைய உண்ணிகள் பரப்பும் பாக்டீரியாக் காய்ச்சல்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல், இந்தியாவில் காணப்படும் உண்ணி டைபஸ் ஆகியன அவ்வகையின.

ஸ்க்ரப் டைபசைப் பரப்புவதோ உண்ணியின் உறவினமாகிய சிற்றுண்ணி. அதிலும் முதிர்ந்த சிற்றுண்ணி மனிதனைத் தீண்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த லார்வா நிலையில் மட்டுமே அது விலங்குகளையும் மனிதரையும் பற்றுகிறது. அந்த லார்வா ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். அது குருதியைக் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து, அக்கரைசலையும் திசுநீரையும் உறிஞ்சுகிறது. கடித்த இடத்தில் வலி பெரும்பாலும் இராது. சில நாள் கழித்து அது தானே உதிர்ந்துவிடும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலோடு வந்த ஒருவரிடம், “உங்களை உண்ணி கடித்ததா?” என்று மருத்துவர் கேட்கிறார். அவர் உண்ணி எதையும் கண்டவரல்லர். ஆகவே, “இல்லை” என்கிறார். அவர் கூறியது உண்மையே. ஆனால், அவ்வுண்மை மருத்துவரைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறது. “கடந்த இரண்டு வாரங்களில் புல்வெளியிலோ புதரிலோ தோட்டத்திலோ இருந்தீர்களா?” என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

‘ஸ்க்ரப்’ என்பது புதர்க்காட்டைக் குறிக்கும். ‘டைபஸ்’ என்பது புகை, மயக்கம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கடுங்காய்ச்சலில் நோயாளியின் அறிவு மங்குவதால் ஏற்பட்ட பெயர். ஆதலின் ‘புதர்க் காய்ச்சல்’ என்னும் தமிழ்ப்பெயர் நோய் தொற்றும் இடத்தைச் சரியாகச் சுட்டுகிறது. இக்கட்டுரையில் இனி அப்பெயரையே ஆளுகிறோம்.

கிருமியும் அதன் இருப்பிடமும்

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானிய மொழியில் ‘சுட்சுகா’ என்பது நோய் அல்லது தீங்கு. ‘முஷி’ என்பது பூச்சி. ஜப்பானின் ஆற்றங்கரைகளில் உழவர்களை வாட்டிய காய்ச்சலுக்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர், பின்னர்க் கிருமியின் அறிவியற் பெயரில் இடம்பெற்றது.

இப்பாக்டீரியா பிற உயிரணுக்களின் உள்ளே மட்டுமே வாழவும் பெருகவும் வல்லது. தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. எனவே, சிற்றுண்ணி கிருமியைச் சுமந்து செல்வதோடு அதனைப் பாதுகாக்கும் களஞ்சியமாகவும் உள்ளது. எலிகள் லார்வாக்களுக்கு உணவளித்து அவற்றின் இனம் பெருகத் துணைசெய்கின்றன. காடு அழிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிலம், லாலாங் புல் மண்டிய வெளி, தோட்ட ஓரம், ஆற்றங்கரை ஆகிய ஈரமான இடங்கள் இவ்விரண்டுக்கும் ஏற்றவை. ஒரே வெளியில் ஓரிடத்தில் லார்வாக்கள் மொய்த்திருக்கும்; சில அடி தள்ளி ஒன்றும் இராது. இப்பரவலைத் தீவுகளுக்கு ஒப்பிட்டுப் பேசுவது ஆய்வாளர் வழக்கம்.

ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. எனவே, நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் அவிழ்ந்த முடிச்சு

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்நோயின் வரலாற்றில் முதன்மையான இடம் பெற்றுள்ளது. 1920களில் வில்லியம் பிளெட்சரும் லெஸ்லரும் மலாயாவில் கண்ட டைபஸ் நோயாளிகளின் குருதியைச் சோதித்தனர். டைபஸ் நோயாளியின் குருதிநீர், புரோட்டியஸ் என்னும் வேறொரு பாக்டீரியாவைத் திரளச் செய்யும் என்பது அப்போது அறியப்பட்டிருந்தது. நகரங்களிலும் கடைகளிலும் இருந்தோரின் குருதிநீர் ஒருவகைப் புரோட்டியசைத் திரட்டியது. புதரிலும் தோட்டத்திலும் உழைத்தோரின் குருதிநீரோ அதனை விடுத்து, மருத்துவர் கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த மற்றொரு வகையைத் திரட்டியது. நகர டைபஸ் வேறு, புதர் டைபஸ் வேறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இன்றும் ஆய்வுக்கூடங்களில் ‘ஓ.எக்ஸ்.கே.’ என்று குறிக்கப்படும் சோதனையில் உள்ள ‘கே’ என்னும் எழுத்து கிங்ஸ்பரியின் பெயரை நினைவூட்டுவது.

ஆயினும் மற்றொரு முடிச்சு எஞ்சியிருந்தது. சிலருக்கு உடலில் கருமையான பொருக்கு ஒன்று காணப்பட்டது. அது ஜப்பானிய நோய் எனப்பட்டது. பொருக்கு இல்லாதோருக்கு வந்தது மலாயாவின் புதர் டைபஸ் எனத் தனியே எண்ணப்பட்டது. லூத்வெயிட், சவூர் ஆகிய இருவரும் 1930களில் விலங்குகளைக்கொண்டு நெடிது ஆராய்ந்து, இரண்டும் ஒரே நோய் என நிறுவினர். பொருக்கு இல்லையென்பதால் நோய் இல்லையென்று முடிவு செய்யலாகாது என்பது இவ்வாய்வு தரும் பாடம்.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இந்நோய்க்கு ஆளாயினர். அப்போது இதற்கென ஏற்ற மருந்து எதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க மருத்துவக்குழு ஒன்று கோலாலம்பூருக்கு வந்து, லூத்வெயிட், சவூர் ஆகியோருடன் இணைந்து, குளோரம்பெனிகால் என்னும் புதிய மருந்தைப் புதர்க் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்தது. காய்ச்சல் விரைவில் தணிந்தது. அம்மருந்து பெற்றவருள் புதர்க் காய்ச்சல் எனத் தவறாகக் கருதப்பட்ட குடற்காய்ச்சல் நோயாளியும் இருந்தார். அவரும் நலம் பெற்றார். டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சலுக்கும் மருந்து உண்டென்பது இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது. ‘டைபாய்டு’ என்னும் சொல்லுக்கே ‘டைபஸ் போன்றது’ என்பதுதான் பொருள். ஒன்றை மற்றொன்றாகக் கருதும் பிழை அத்துணைப் பழமையானது. அன்று அப்பிழை நன்மையில் முடிந்தது. எப்போதும் அவ்வாறு முடிவதில்லை.

நோய் வளரும் வகை

லார்வா கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள், பெரும்பாலும் பத்து நாள் அளவில், காய்ச்சல் திடீரெனத் தொடங்கும். கடுந்தலைவலி, உடல்வலி, கண்சிவப்பு, குமட்டல், இருமல் ஆகியன உடன்வரும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டும். சிலருக்கு உடலில் செந்தடிப்புகள் தோன்றும். கருநிறத் தோலில் அவை எளிதில் புலப்படா.

கிருமி குருதிக் குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களைத் தாக்குகிறது. குருதிக் குழாய் இல்லாத உறுப்பு இல்லை. அதனால்தான் மருத்துவமின்றிக் காய்ச்சல் இரண்டாம் வாரத்தை எட்டும்போது நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என எவ்வுறுப்பும் பாதிக்கப்படலாம். மூச்சுத்திணறல், மனக்குழப்பம், வலிப்பு, சிறுநீர் குறைதல், குருதியழுத்தம் வீழ்தல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். மருத்துவம் பெறாதோரில் இறப்பு விகிதம் இடத்திற்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் அதன் இடைமதிப்பை நூற்றுக்கு ஆறு எனக் கணித்துள்ளனர்.

கண்டறிதல்

தொடக்கத்தில் இது டெங்கு, எலிக் காய்ச்சல், மலேரியா, குடற்காய்ச்சல் ஆகியவற்றைப் போலவே தோன்றும். டெங்குவில் போலவே இதிலும் குருதித் தட்டணுக்கள் குறையக்கூடும். தீபகற்ப மலேசியாவின் கிராமப்புறத்தில் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் புதர்க் காய்ச்சல் இருந்ததாகக் கூறுகிறது. மலேரியாவும் குடற்காய்ச்சலும் அதற்கு அடுத்த நிலையிலேயே இருந்தன.

நோயைக் காட்டிக்கொடுக்கும் சிறந்த தடயம் லார்வா கடித்த இடத்தில் உண்டாகும் பொருக்கு. சிகரெட்டால் சுட்ட வடுப்போல நடுவில் கருத்தும் சுற்றிலும் சிவந்தும் அது காணப்படும். ஆடை இறுகும் இடங்களையும் தோல் மடியும் இடங்களையும் லார்வா நாடுவதால், அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்புறம், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் தேடவேண்டும். அது வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. எனவே, நோயாளி தாமாக அதனைச் சொல்லமாட்டார். கூச்சத்தால் மறைப்பாரும் உளர். தேடினாலன்றி அது கிட்டாது.

குருதியில் எதிர்ப்பொருளைக் காணும் சோதனைகளும் கிருமியின் மரபணுவைக் காணும் சோதனையும் இன்று உள்ளன. எதிர்ப்பொருள் தோன்றச் சில நாள் ஆகுமாதலின், முதல் வாரத்தில் சோதனை முடிவு ‘இல்லை’ என வரினும் நோய் இருக்கக்கூடும். ஐயம் வலுவாக இருப்பின், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவது இதனால்தான்.

மருந்தும் மருத்துவமும்

காய்ச்சல் நோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் இங்குப் பயன்தருவதில்லை. உயிரணுவினுள் புகுந்து வாழும் இக்கிருமியை அவை அடக்கமாட்டா. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொண்டும் காய்ச்சல் தணியவில்லையெனில், புதர்க் காய்ச்சலையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

உயிரணுவினுள் சென்று கிருமியின் புரத ஆக்கத்தைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் இதற்குரிய முதன்மை மருந்து. பெரியோருக்கு வழக்கமான அளவு 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறத்தாழ ஒரு வாரம். கருவுற்ற மகளிருக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் அளிக்கப்படுகிறது. நோய் முற்றியோருக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்துச் சிரை வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதினும் சிறந்தது என்பதை இந்தியாவில் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மருந்து தொடங்கிய 48 மணி நேரத்தில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் மருந்தை நிறுத்திவிடலாகாது. டாக்சிசைக்ளினை நிறைய நீருடன், அமர்ந்தோ நின்றோ விழுங்கவேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வராது என்பதும் இல்லை. கிருமியின் வகைகள் பல. தடுப்பூசி இன்னும் இல்லை.

தற்காப்பும் நம் கடமையும்

செம்பனைத் தோட்டத்தில் உழைப்போர், புல் வெட்டுவோர், காட்டுப்பயிற்சி மேற்கொள்வோர், முகாமுக்குச் செல்லும் மாணவர் ஆகியோர் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நன்று. பூச்சி விரட்டும் களிம்பைத் தோலிலும், பெர்மெத்ரின் மருந்தை ஆடையிலும் பயன்படுத்தலாம். வெறும் புல்லில் அமர்வதையும் படுப்பதையும், துணிகளை அதன்மீது உலர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். வீடு திரும்பியதும் உடலை நன்கு தேய்த்துக் குளித்து, அணிந்திருந்த ஆடைகளைத் துவைத்துவிட வேண்டும். வீட்டையும் பள்ளியையும் சுற்றிப் புதர் மண்டவிடலாகாது.

ஆசிரியர்க்கு இன்னுமொரு பணி உண்டு. முகாமிலிருந்து திரும்பிய மாணவருக்கு இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், “முகாமுக்குச் சென்றிருந்தார்” என்னும் செய்தி மருத்துவரை எட்டுமாறு செய்யவேண்டும். மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. தோட்டத்தில் உழைக்கும் பெற்றோரும் முதியோரும் காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது, மொழி தெரியாமலோ, கேளாததைச் சொல்லலாகாது என்றெண்ணியோ வாளாவிருப்பதுண்டு. உடன்செல்லும் பிள்ளைகள் அவர்களுடைய தொழிலையும், அவர்கள் அண்மையில் சென்றுவந்த இடங்களையும் தாமே எடுத்துரைக்க வேண்டும். உடலில் கருமையான பொருக்கு ஏதேனும் உண்டா என்று பார்க்குமாறும் வேண்டலாம்.

‘உண்ணிக் காய்ச்சல்’ என்னும் பெயர் மக்களிடையே வேரூன்றிவிட்டது. அதனை விலக்குதல் இனி அரிது. அப்பெயரை வழங்கும்போதெல்லாம், “உண்ணியைக் காணாவிடினும் இக்காய்ச்சல் வரலாம்” என்னும் ஒரு தொடரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுவோமாக. அத்தொடரைக் கேட்ட ஒருவர் ஐந்தாம் நாளிலேயே மருத்துவரிடம் சென்று, தாம் புல் வெட்டிய செய்தியைக் கூறினால், ஒரு வார மருந்தோடு அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்.