கண்டி மாவட்டமும் நமது வாக்கும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் லயத்து வாசலுக்கும் குடியேற்றத்து வேலியோரத்துக்கும் அபேட்சகர்கள் வருவார்கள். கைகூப்பிப் பேசுவார்கள். வாக்களித்த பின் நம் வாழ்வு பழையபடியே நடக்கும். இதனால் “நமக்கெதற்கு அரசியல்?” என்று பலர் சலித்துக்கொள்கிறோம். ஆனால் இந்த வாக்கு ஒருமுறை நம் கையிலிருந்து பறிக்கப்பட்டது. அது பறிபோன கதையையும் திரும்பி வந்த கதையையும் அறிந்தால் அதன் பெறுமதி விளங்கும்.

வாக்கு கிடைத்ததும் பறிபோனதும்

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களில் ஒரு பகுதியினரும் வாக்களித்தனர். 1947இல் நடைபெற்ற முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. கண்டிப் பகுதியில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து கே. இராஜலிங்கம் தெரிவானார். நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றனர்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டு ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்கில்லாத மக்களையும் சனத்தொகையில் சேர்த்தே எண்ணினார்கள். அதனால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. தலையை எண்ணும்போது நாம் இருந்தோம்; வாக்கை எண்ணும்போது நாம் இல்லை.

இடம்பெயர்ந்த ஆண்டுகள்

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் கதியைத் தீர்மானிக்க முற்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவைக்கும் வாக்கும் அவர்களிடம் இருக்கவில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் வேலையும் லயமும் இழந்த குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று காடு வெட்டிக் கமம் செய்தன. 1977, 1983 வன்செயல்கள் மேலும் பலரை விரட்டின. கண்டியின் கிழக்கில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரமே மூழ்கியது. அங்கிருந்த விவசாயிகள் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். இனம் வேறாயினும் ஊர் இழந்த துன்பம் ஒன்றே.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் எஸ். தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவானார். 1947க்குப் பின் 30 ஆண்டுகள் கழித்து வந்த வெற்றி அது. 1986, 1988 சட்டங்களும் இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றவர் என்ற நிலையைப் படிப்படியாகத் தீர்த்தன.

இப்போதைய முறை எப்படி?

முன்னர் ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்றவர் வென்றார். ஹாரிஸ்பத்துவ போன்ற சில இடங்களில் மட்டும் சிறுபான்மையினருக்கு இடம் கிடைப்பதற்காக இரட்டை அங்கத்தவர் முறை இருந்தது. பின்னர் வெளிநாட்டமைச்சராகிய ஏ.சி.எஸ். ஹமீத் 1977இல் அங்கிருந்தே தெரிவானார்.

1989 பொதுத் தேர்தல் முதல் விகிதாசார முறை நடைமுறையில் உள்ளது. கலகெதர முதல் நாவலப்பிட்டி வரை 13 வாக்கெடுப்புப் பிரிவுகளும் சேர்ந்து கண்டி ஒரே தேர்தல் மாவட்டம். 2024 தேர்தலில் அதற்கு 12 ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் போனசாகப் போகும். நூற்றுக்கு 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகள் நீக்கப்படும். மீதி 11 ஆசனங்களும் வாக்குகளின்படி பங்கிடப்படும்.

ஓர் உதாரணம். எஞ்சிய கட்சிகளின் மொத்த வாக்கு 6 இலட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதை 11ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 60 ஆயிரம். பதின்மூன்று பிரிவுகளில் சிதறிக் கிடக்கும் 60 ஆயிரம் பேர் பழைய முறையில் ஓர் இடத்திலும் வெல்ல முடியாது. இப்போது ஒன்றுசேர்ந்தால் ஓர் ஆசனத்துக்குப் போதும்.

ஆனால் கட்சிக்கு ஆசனம் கிடைத்தாலும் அதில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கே தீர்மானிக்கும். 2010இல் கண்டியில் போட்டியிட்ட மனோ கணேசன் தெரிவாகவில்லை. 2015இலும் 2020இலும் வேலு குமார் தெரிவானார். ஆகவே முதலில் கட்சிக்குப் புள்ளடியிட வேண்டும். அதன் பின் அக்கட்சியின் அபேட்சகர்களில் மூவர் வரை இலக்கங்களுக்கு அடையாளமிடலாம். கட்சிக்கு இடாமல் இலக்கத்துக்கு மட்டும் இட்டால் வாக்குச் செல்லுபடியாகாது.

நாம் செய்ய வேண்டியது

இடம்பெயர்ந்தவர் வாக்கை இழப்பது பெரும்பாலும் தேர்தல் நாளில் அல்ல, வாக்காளர் இடாப்பில்தான். பழைய ஊரில் பெயர் வெட்டப்பட்டிருக்கும்; புதிய ஊரில் பதிந்திருக்காது. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம அலுவலரிடம் சென்று நம் வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய அனைவரின் பெயரும் உண்டா, எழுத்துப் பிழையின்றி உண்டா என்று பாருங்கள். திருமணமாகி வந்த பெண்களின் பெயரைத் தனியாகக் கவனியுங்கள். இல்லையெனில் உரிய காலத்துக்குள் கோரிக்கை கொடுங்கள். அடையாள அட்டை இல்லாதவர் தேர்தல் வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பிக்கட்டும்.

யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சாட்சி. ஆனால் பெயரைப் பதிவது நம் எல்லோரினதும் பொறுப்பு. நம் பாட்டன்மார் விண்ணப்பம் எழுதி, வரிசையில் நின்று, மறுக்கப்பட்டுத் திரும்பிய உரிமை இது.

குழுவாகப் பேச:
1. நமது ஊரில் இடாப்பில் பெயரில்லாத குடும்பங்கள் எத்தனை?
2. காணி உறுதி, வீதி, குடிநீர் – இவற்றில் எதை அபேட்சகரிடம் முதலில் கேட்போம்?
3. வென்றபின் அவரை மீண்டும் சந்திக்க யார் பொறுப்பேற்பது?