குறட்டைக்கு ஆபரேஷன்... சத்தம் நின்றுவிட்டால் போதுமா?

கல்யாண மண்டபத்து மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து இருபது பேர் வரிசையாகப் படுத்திருக்கும் இரவில், யாராவது ஒரு மாமாவின் குறட்டை மட்டும் தனித்துக் கேட்கும். மறுநாள் காலை காபி வரும்போது, 'ராத்திரி பூரா லாரி ஓட்டினீங்களே மாமா' என்று கிண்டல் ஆரம்பிக்கும். அவரும் சிரித்துக்கொள்வார். குறட்டை என்பது நம் வீடுகளில் இன்னமும் காமெடி டிராக்தான். 'அசந்து தூங்குறார்' என்று அதற்கு சர்ட்டிஃபிகேட் வேறு.

அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கு மேலும் சத்தமே இருக்காது. நெஞ்சும் வயிறும் மட்டும் மூச்சுக்காகப் போராடும். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு திணறல். மறுபடியும் குறட்டை. இரவு முழுக்க இதே. பயப்பட வேண்டியது அந்தச் சத்தத்துக்குக்கூட இல்லை, நடுவில் வரும் அமைதிக்கு.

இதற்குப் பெயர் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோய். 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மும்பையில் இறந்தபோது, மருத்துவமனை தரப்பு சொன்ன காரணங்களில் இந்தப் பெயர் இருந்தது. அதுவரை குறட்டையைச் சிரித்துக் கடந்த பலர் அன்றுதான் இந்த வார்த்தையை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

இந்த நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடுமா?' என்பதுதான். ஒரே வார்த்தையில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாத கேள்வி அது.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து குரல்வளை வரையுள்ள பாதையைச் சுற்றிக் கெட்டியான எலும்புக்கூடு கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து பிடித்திருக்கின்றன. நாம் தூங்கும்போது அவையும் தளரும். ஏற்கெனவே பாதை குறுகலாக இருப்பவருக்கு மெல்லண்ணம், உள்நாக்கு, டான்சில், அடிநாக்கு இவற்றில் ஏதோ ஒன்று, அல்லது எல்லாமே சேர்ந்து வழியை அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும். காலையில் அது நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத மாதிரி இருக்கிறதே என்ற அலுப்பு மட்டும் மிஞ்சும். ஸ்டீயரிங் பிடித்தபடி கண் செருகுவது, கட்டுக்கு வராத ரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம் என்று அதன் கணக்கு நீண்டுகொண்டே போகிறது.

உடல் பருமன் இதற்கு முக்கியக் காரணம். ஆனால், ஒல்லியாக இருப்பவர்களும் தப்பிவிட முடியாது. தாடை சிறியதாக, பின்தள்ளி அமைந்திருந்தால் நாக்குக்கு இடம் போதாது. ஆசிய நாட்டவருக்கு அதிக எடை இல்லாமலேயே இந்த நோய் வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம்.

நோயின் அளவைச் சொல்வது 'ஸ்லீப் ஸ்டடி' என்கிற இரவு நேரப் பரிசோதனை. ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது கணிசமாகக் குறைகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஏ.ஹெச்.ஐ. என்று பெயர். 5-க்குக் கீழே இருந்தால் நார்மல். 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் தீவிரம். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஒரே வருடத்தில் வந்த இரண்டு பதில்கள்

இந்த நோய்க்கு முதலில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையைக் கேட்டால் திகிலாக இருக்கும். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயை நேரடியாக வெளியே திறந்துவிடும் 'ட்ரக்கியாஸ்டமி'. 1969-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். அடைப்பு இருக்கும் தொண்டையையே சுற்றிக்கொண்டு காற்று போய்விடுவதால், பலன் உறுதி. ஆனால், கழுத்தில் ஓட்டையோடு வாழ யார் சம்மதிப்பார்கள்?

1981-ல் இரண்டு மாற்று வழிகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வேக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி, முகமூடி வழியாக மூக்குக்குள் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினார். அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. அதுதான் இன்றைய 'சி-பாப்' மெஷின். அதே வருடம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஷிரோ ஃபுஜிதா என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், டான்சில், உள்நாக்கு, மெல்லண்ணத்தின் ஓரம் ஆகியவற்றை நீக்கித் தைத்து வழியை அகலப்படுத்தும் ஆபரேஷனை வெளியிட்டார். சுருக்கமாக யூ.பி.பி.பி. நம் ஊரில் பொதுவாக 'குறட்டை ஆபரேஷன்' என்று சொல்லப்படுவது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்றைக்கும் பெரியவர்களுக்கு முதல் சிகிச்சை சி-பாப் மெஷின்தான். அதை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் மூச்சுத்தடை அன்றிரவே அடங்கும். சிக்கல் அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில் இருக்கிறது. முகத்தில் மாஸ்க், பக்கத்தில் குழாய், வாய் உலர்ச்சி, கரன்ட் போனால் அவதி. நெருக்கடியான வீட்டில் எல்லோர் முன்னாலும் மாஸ்க் மாட்டிப் படுக்கும் கூச்சமும் உண்டு. பலர் சில மாதங்களில் மெஷினைப் பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள்தான் ஆபரேஷனைத் தேடி வருகிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. பீரோ மேல் இருக்கும் மெஷினால் யாருக்கும் பயனில்லை.

யாருக்குப் பலிக்கும்?

யூ.பி.பி.பி. வந்த புதிதில் எல்லோருக்கும் செய்தார்கள். 1996-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பலன் கிடைத்தவர்கள் சுமார் 41 சதவிகிதம்தான் என்று தெரிந்தது. பாதிக்கும் கீழே. காரணத்தை 2002-ல் சிகாகோவைச் சேர்ந்த மைக்கேல் ஃப்ரீட்மன் காட்டினார். டான்சில் பெரிதாக, நாக்கு இடத்தை அடைக்காமல் இருந்தவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேருக்குப் பலித்தது. டான்சில் சிறிதாக, நாக்கு மேலேறி இருந்தவர்களில் 8 சதவிகிதம் பேருக்குத்தான் பலித்தது. ஒரே ஆபரேஷன்தான். ஆனால், கதவு பூட்டியிருப்பது பின்வாசலில் என்றால் முன்வாசலை இடித்து என்ன பயன்?

அதனால்தான் எங்கே அடைக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். விழித்திருக்கும்போது தொண்டையைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். எனவே, மருந்து கொடுத்து லேசாகத் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி, குறட்டை வரும்போது எந்த இடம் மூடுகிறது என்று நேரடியாகப் பார்க்கிறார்கள். 1991-ல் லண்டன் மருத்துவர்கள் க்ராஃப்ட், ப்ரிங்கிள் இருவரும் விவரித்த முறை இது. ஸ்லீப் ஸ்டடியும் இல்லாமல், அடைப்பு எங்கே என்ற பேச்சும் இல்லாமல் ஒருவர் நேராக ஆபரேஷன் தேதி குறித்தால், இன்னொரு டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இடம் தெரிந்தபின் வழிகள் பல. மெல்லண்ணம் என்றால், இப்போது வெட்டி எறிவதைவிடத் தசையை இழுத்துப் பக்கவாட்டில் தைத்து அகலப்படுத்தும் முறைகள் வந்துவிட்டன. அதில் ஒன்றை 2007-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கென்னி பாங். அடிநாக்கு பெருத்திருந்தால் ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கலாம், ரோபோ உதவியோடு சதையைக் குறைக்கலாம். மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்வது மூச்சை இலகுவாக்கும். ஆனால், அது மட்டுமே ஆப்னியாவைப் போக்குவது அரிது. சி-பாப் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, மாஸ்க்கைச் சகித்துக்கொள்ள வைக்கும். அதுவும் லாபம்தான்.

இருப்பதிலேயே வலிமையானது தாடை ஆபரேஷன். மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டையும் வெட்டி, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி, பிளேட் வைத்துப் பொருத்துகிறார்கள். நாக்கும் மெல்லண்ணமும் கூடவே முன்னால் வந்துவிடும். 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 627 பேரின் சராசரி ஏ.ஹெச்.ஐ. 63.9-லிருந்து 9.5 ஆக இறங்கியிருந்தது. பிரமாதம்தான். ஆனால், சிறிய ஆபரேஷன் இல்லை. முகத்தின் சாயல் கொஞ்சம் மாறும், உதடும் மோவாயும் பல நாள் மரத்துப்போகலாம்.

இன்னொன்று, கேட்கவே சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாதிரி இருக்கிறது. நெஞ்சில் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவி. படுக்கப்போகும்போது ரிமோட்டில் ஆன் செய்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கின் நரம்பைத் தூண்டி நாக்கை முன்னே தள்ளும். 126 பேரிடம் நடந்த ஆய்வு 2014 ஜனவரியில் வெளியானது. ஒரு வருடத்தில் ஏ.ஹெச்.ஐ.யின் இடைநிலை அளவு 29.3-லிருந்து 9 ஆகக் குறைந்தது. அதே வருடம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால், மெல்லண்ணம் பாட்டியின் சுருக்குப்பை வாய்போல நாலாபுறமும் சுருங்கி மூடுபவர்களுக்கு இது சரிப்படாது என்று அவர்களை ஆய்விலேயே சேர்க்கவில்லை.

'வெற்றி' என்றால் என்ன அர்த்தம்?

இங்கேதான் நோயாளியும் டாக்டரும் ஒரே வார்த்தையை வேறு வேறு அர்த்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஆபரேஷன் 'சக்சஸ்' என்றால் நோய் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படும் அளவுகோல் வேறு. ஏ.ஹெச்.ஐ. பாதியாகக் குறைந்து, 20-க்குக் கீழே வந்தால் வெற்றி. 44-ஆக இருந்தது 19-ஆனால் வெற்றிப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால், 19 என்பது இன்னமும் நடுத்தர ஆப்னியாதான்! மேலே சொன்ன தாடை ஆபரேஷனிலேயே 86 சதவிகிதம் பேருக்கு வெற்றி. 5-க்குக் கீழே இறங்கி முழுக்கக் குணமானவர்கள் 43 சதவிகிதம்.

இதனால் ஆபரேஷன் வீண் என்று ஆகிவிடாது. 2020-ல் ஆஸ்திரேலியாவில் சி-பாப் ஒத்துவராத 102 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மெல்லண்ணம், நாக்கு இரண்டிலும் ஆபரேஷன். மீதிப் பேருக்கு எடைக்குறைப்பு, மல்லாந்து படுக்காமல் இருப்பது போன்ற மருத்துவ ஆலோசனைகள். ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சராசரி 47.9-லிருந்து 20.8-க்கு வந்தது. மற்றவர்களுக்கு 45.3-லிருந்து 34.5. பகல் தூக்கமும் ஆபரேஷன் தரப்பில் நன்றாகக் குறைந்தது. வேறு வழியில்லாதவருக்கு இது பெரிய நிம்மதி. இருந்தாலும் அந்த 20.8-ஐ 'நார்மல்' என்று நினைத்துவிடக் கூடாது.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. அதிர்கிற மெல்லண்ணத்தைச் சரிசெய்தால் சத்தம் போய்விடும். அடிநாக்கில் அடைப்பு அப்படியே இருந்தால், மூச்சு சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். முன்பு குறட்டையாவது வீட்டாரை எழுப்பியது. இப்போது அதுவும் இல்லை. லேசர் வைத்து உள்நாக்கை மட்டும் குறைக்கும் சிகிச்சையை ஆப்னியாவுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2010-ல் சொன்னது. 'ஒரே சிட்டிங்கில் குறட்டைக்கு குட்பை' விளம்பரம் ஃபோனில் வந்தால் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

தேதி குறிப்பதற்கு முன்...

எடை அதிகமாக உள்ளவர்களுக்கு அதைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. மிக அதிக எடை என்றால் பேரியாட்ரிக் சர்ஜரி ஆப்னியாவையும் குறைக்கிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான டிர்ஸெபடைடுக்கு, உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்காக அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது.

மெல்லண்ண ஆபரேஷனின் வலியை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஏறத்தாழ இரண்டு வாரம் எச்சில் விழுங்குவதே சிரமம். கஞ்சி, ஆறிய ரசம் சாதம், ஐஸ்க்ரீம் என்று ஓட்ட வேண்டும். ரத்தக் கசிவு ஏற்படலாம். சிலருக்குக் குடிக்கும் தண்ணீர் கொஞ்ச நாள் மூக்கு வழியே வரும்.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும், குடலிறக்கமோ மூட்டு மாற்றோ, ஆப்னியா இருப்பதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்பே சொல்லியாக வேண்டும். மயக்க மருந்தும் சில வலி நிவாரணிகளும் தொண்டையை மேலும் தளர்த்தும். சி-பாப் இருந்தால் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். இன்னும் பரிசோதனையே செய்யாதவர் என்றால், மூச்சு நிற்கும் நேரத்தை வீட்டில் யாராவது ஃபோனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம்.

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து புண் ஆறியபின், சில மாதங்கள் கழித்து இன்னொரு ஸ்லீப் ஸ்டடி அவசியம். குறட்டை நின்றுவிட்டதே, எதற்கு வெட்டிச் செலவு என்று பலர் தவிர்ப்பது இதைத்தான். அதில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் மிச்சமிருப்பதற்குக் குறைந்த அழுத்தத்தில் சி-பாப் போதுமா, கீழ்த் தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் பல் கருவி போதுமா என்று முடிவு செய்வார்கள். அந்த ரிப்போர்ட் கையில் வரும்வரை, பீரோ மேல் இருக்கும் மெஷினைச் செகண்ட் ஹேண்டில் விற்றுவிடாதீர்கள்.