மீனவரும் சுறாவும்

தொழிலாளருக்கு இயற்கையின்மீது அக்கறை இல்லையென்று கூறுவது படித்த கனவான்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கடலைக் கெடுப்பவன் மீனவன், காட்டைக் கெடுப்பவன் விறகுவெட்டி என்று மேடைதோறும் பிரசங்கம் நடைபெறுகின்றது. ஒரு பிராணியைக் காப்பதற்காக ஒரு மாதச் சம்பளத்தை இழக்கும்படி இக்கனவான்களை எவரேனும் கேட்டால் என்ன விடை வருமோ, நாம் அறியோம். சௌராஷ்டிரக் கடற்கரையில் நடந்ததை இவர்கள் சற்றுக் கவனித்தல் நலம்.

காந்தியடிகள் பிறந்த போர்பந்தரும், வேராவலும் உள்ள அக்கரையில் திமிங்கலச் சுறா ஏராளமாக வேட்டையாடப்பட்டு வந்தது. உலகத்து மீன்களில் மிகப் பெரியது இதுவே. 40 அடி வரையிலும் வளரும்; மனிதருக்குத் தீங்கு செய்யாது; கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துண்டு வாழ்வது. இதன் ஈரல் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசினார்கள். மாமிசம் அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. 2001-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் 1972-ம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவ்வேட்டையைத் தடுத்தனர். சரிதான், ஆனால் தானாக வந்து வலையில் சிக்கிய மீனைச் சட்டம் வந்து விடுவிக்குமா? வலையை அறுத்தாலன்றி அது பிழைக்காது. வலையோ மீனவனுடைய முதல். பெரும்பாலும் கடன்பட்டு வாங்கிய முதல்.

2004-ம் வருஷத்தில் வனஜீவி அன்பர்களின் ஸ்தாபனமொன்றும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. இராமாயணக் கதாப்பிரசங்கியார் மொராரி பாபு, பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் மகளுக்கு அச்சுறாவை ஒப்பிட்டுப் பேசினார். பீப்பாய்களைக் கட்டி வேட்டையாடியதனால் ‘பாரல்’ எனப் பெயர்பெற்றிருந்த மீன், அருமையானவள் என்று பொருள்படும் ‘வ்ஹாலி’ ஆயிற்று. மகளை விலை கூறுவோர் யார்?

எனினும், உருக்கமான பேச்சு மட்டுமே இதனைச் சாதித்தது என்று நாம் நம்பவில்லை. அறுத்த வலைக்கு சர்க்கார் நஷ்ட ஈடு கொடுத்தனர். முதலில் அதிகாரி வந்து பார்வையிடவேண்டியிருந்தது. அவர் வருமளவும் மீன் வலையில் தவிக்கும், மீனவனின் பொழுதும் வீணாகும். பின்னர் மீனவர் கையிலேயே காமிராக்களைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் படத்தையே சாட்சியமாக ஏற்றார்கள். நமது அபிப்பிராயத்தில் பணத்தினும் பெரிது இதுவே. ஏழையின் சொல்லை சர்க்கார் அலுவலகம் நம்புவது நமது தேசத்தில் அன்றாடம் காணும் காட்சியன்று. இதுகாறும் நூற்றுக்கணக்கான சுறாக்களை இம்மீனவர் தம் கையாலேயே வலையறுத்து விடுவித்திருக்கின்றனர்.

நமது பாக் நீரிணைக்கும் இது பொருந்தும். ஆவுளியா என்று மீனவர் வழங்கும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் ஒதுக்கினர். வலையில் அகப்பட்ட ஆவுளியாவை விடுவித்த மீனவருக்குப் பாராட்டும் பரிசும் அளித்திருக்கின்றனர். மெத்த மகிழ்ச்சி. ஆனால் பரிசு வேறு, ஈடு வேறு. பரிசு கொடுப்பவரின் தயவு. ஈடு பெறுபவரின் உரிமை. அறுபட்ட வலையின் விலை இன்ன தொகை, இத்தனை நாளுக்குள், மீனவன் எடுத்த படத்தின்பேரிலேயே செலுத்தப்படும் என்ற விதியை வனத்துறையார் தமிழில் அச்சிட்டு, கரையோரத்து மீன் ஏலக் கூடந்தோறும் ஒட்டிவைப்பார்களாக.