பழசு என்றால் விலை ஏறிவிடுமா?

கூடங்குளம் கடைவீதியில் மீதிச் சில்லறையாகக் கைக்கு வரும் ஐந்து ரூபாயில் வைஷ்ணவி தேவி இருந்தால், அதைப் பத்து லட்சத்துக்கு வாங்க ஆள் காத்திருப்பதாகச் சொல்லும் வீடியோக்கள் செல்போனில் சுற்றுகின்றன. 2012 என்று பொறித்த அந்தக் காசு, கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக அடித்துத் தாராளமாகப் புழக்கத்தில் விட்டது. ஐந்து ரூபாய்க்கு மேல் பெரிதாக எதுவும் தேறாது. சாமி படத்தை விடுங்கள், வயதுகூட விலையைத் தீர்மானிப்பதில்லை. ராஜராஜன் பெயர் தாங்கிய செப்புக்காசுக்கு ஆயிரம் வயதாகிறது. அது நிறையக் கிடைப்பதால், தேய்ந்த ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஆனால் அது அபூர்வம் என்பதால் சேகரிப்பவர்கள் அதற்குப் பெருந்தொகை தருகிறார்கள். 1938-ன் எட்டை ஒன்பதாகத் திருத்தி விற்கும் மோசடியே அதற்குச் சாட்சி. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதில்தான் விலை நிற்கிறது.

ஆகவே ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, அதன் அடியில் இருக்கும் நாணயச்சாலை அடையாளத்தையும் பார்க்க வேண்டும். வைரக் கட்டம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு நாணயச்சாலை அள்ளி அடித்திருக்கும், இன்னொன்று கிள்ளி அடித்திருக்கும். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசும், 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டுக் காசும் நம் பக்கத்துச் சில்லறையில் தேடத் தகுந்தவை. அவற்றாலும் யாரும் வீடு கட்டிவிட முடியாது. கூடங்குளத்துக்காரர்கள் சில்லறைப் பையைவிடப் பாட்டியின் பெட்டியைத் துழாவுவது மேல். பக்கத்திலிருக்கும் கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. முன்பு அதை ஆண்ட திருவிதாங்கூரின் சக்கரம், பணம் என்னும் காசுகள் இங்குள்ள வீடுகளில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பலவற்றில் சங்கு முத்திரை இருக்கும்; 1114 என்பதுபோல் ஆண்டு போட்டிருந்தால் அது கொல்லம் ஆண்டு, 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

‘ஏலத்தில் லட்சத்துக்குப் போனதாகச் செய்தி வருகிறதே, அதுவும் பொய்யா?’ என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் ஏலத்தில் போனது அந்தக் குறிப்பிட்ட காசு, அந்தக் குறிப்பிட்ட நிலையில். இணையத்தில் ஒருவர் போட்டு வைத்திருக்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே; ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்றுமுடிந்த விலைதான் சந்தை. நிலை என்றதும் நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை; இயல்பாகப் படிந்த நிறம் போனால் சேகரிப்பவர் பாதி விலைகூடத் தரமாட்டார். வெள்ளி ரூபாய்க்கு மட்டும் உலோகமே ஓர் அடிவிலை: 1939 வரையிலானவை 91.7 சதவீத வெள்ளி, 1940 முதல் பாதிதான்.

பழைய காசை வாங்குகிறோம், முதலில் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். அப்படி எந்தக் கட்டணமும் கமிஷனும் தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.