மயக்கம் போட்டு விழுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு சித்தப்பாவோட திருவண்ணாமலை கிரிவலம் போயிருந்தேன். மொத்தம் 14 கிலோமீட்டர். ஏறக்குறைய பாதி தூரத்துல, அடி அண்ணாமலை கோயில் கிட்ட, பேசிக்கிட்டே நடந்தவர் திடீர்னு விழுந்துட்டார். ஒரு நிமிஷத்துக்குள்ள கண் முழிச்சு, "ஒண்ணும் இல்லடா, விரதம், அதான். மீதியையும் நடந்துடலாம்"னார். சுத்தி நின்னவங்களும் அதையேதான் சொன்னாங்க.

உண்மையில் பெரும்பாலான மயக்கங்கள் ஆபத்தில்லாதவைதான். ரொம்ப நேரம் நிற்பது, புழுக்கம், வலி, ரத்தத்தைப் பார்ப்பது போன்ற காரணங்களால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டுனு குறையும். மூளைக்குச் சில விநாடிகள் ரத்தம் போதாமல் போனாலே நினைவு தப்பிடும். கீழே படுத்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பும், தெளிவு வரும்.

ஆனா இந்த வகை மயக்கம் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் வரும்: குமட்டல், வியர்வை, கண் இருட்டுறது. சித்தப்பாவுக்கு அது எதுவுமே இல்லை. சாஃப்ட்வேர் கிராஷ் ஆனா, அதுக்கு முந்தின விநாடி லாக்கைத்தானே முதல்ல பார்ப்போம்? அதான் எனக்கு உறுத்துச்சு. 108-க்கு போன் பண்ணேன்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "விழறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டிருந்தார்?" சர்க்கரை பார்த்தாங்க. படுக்க வெச்சும் நிற்க வெச்சும் பிபி எடுத்தாங்க. எழுந்து நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 புள்ளி அல்லது அதுக்கு மேல இறங்கினா, நீர்ச்சத்து குறைவோ பிபி மாத்திரையோ காரணமா இருக்கலாம். அவருக்கு அது சரியா இருந்துச்சு. அடுத்து ஈசிஜி. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் மின்சாரம் இடையில் தடைபடுதுன்னு அதுல தெரிஞ்சுது. பேஸ்மேக்கர் வெச்சாங்க.

யாராவது மயங்கி விழுந்தா மல்லாக்கப் படுக்க வெச்சு, காலை உயர்த்துங்க. முழுசா தெளியுற வரைக்கும் வாயில் தண்ணியோ சோடாவோ ஊத்தாதீங்க. அறிகுறியே இல்லாம விழுந்தாலோ, நடக்கும்போது, ஓடும்போது விழுந்தாலோ, நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தாலோ, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ, எழுந்து உட்கார்ந்துட்டாரேன்னு விட்டுடாதீங்க. அன்னைக்கே ஈசிஜி எடுங்க.

சித்தப்பா இப்ப நல்லா இருக்கார். "பாதி கிரிவலம் பாக்கி இருக்குடா"ன்னு போன வாரம்தான் ஞாபகப்படுத்தினார். டாக்டரைக் கேட்டுட்டுப் போலாம்னு சொல்லியிருக்கேன்.